இரும்பை ஊற்றினால் சிவந்துவிடுமாம்!

"கொஞ்சம் இரும்பு ஊற்றுங்கள், செடி தானாகச் சிவந்துவிடும்." என் மீன்தொட்டியை எட்டிப் பார்த்தவர்களில் இதைச் சொல்லாதவர் எவரும் பாக்கி இல்லை. ஊற்றினேன் ஐயா, ஊற்றினேன். இரும்பு உரப் புட்டி முக்கால்வாசி காலி. ரொட்டாலா ரொட்டுண்டிஃபோலியா என்ற நீர்ச்செடி இன்னும் பச்சைப் பசேலென்று நின்று என்னைப் பார்க்கிறது. இலை நுனியில் லேசாக ஆரஞ்சு மாதிரி ஏதோ தெரிகிறது. அதுவும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான்.

இந்த இரும்புக் கதையை முதலில் தீர்த்துவிடுவோம். இரத்தம் சிவப்பு, இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆகவே செடிக்கும் இரும்பு கொடுத்தால் சிவக்கும் என்று எவரோ கணக்குப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. ரொட்டாலா, லுட்விஜியா போன்ற நீர்ச்செடிகளைச் சிவப்பாகக் காட்டுவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அதன் மூலக்கூறில் மருந்துக்குக்கூட இரும்பு கிடையாது. செடிக்கு இரும்பு எதற்கு வேண்டும் தெரியுமா? பச்சையம் தயாரிக்க! ஆமாம், பச்சைக்கு! இரும்பு குறைந்தால் புதுத் தளிர் வெளிறி மஞ்சளாகும், அதனால் அது தேவைதான். ஆனால் தேவைக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் சிவப்பு ஏறப்போவதில்லை. அதிலும் பிஎச் 7-ஐத் தாண்டிய, அதாவது காரத்தன்மையுள்ள தண்ணீரில், ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு நெடுநேரம் நிற்பதில்லை. பிரிந்து, செடிக்கு எட்டாமல் போய்விடுகிறது. டிடிபிஏ வகை இன்னும் கொஞ்சம் தாங்கும். புட்டியின் முகப்பில் செக்கச்செவேலென்று செடிப் படம் போடத் தெரிகிறது, உள்ளே இருப்பது எந்த வகை என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடத் தெரியவில்லை.

சிவப்பு பெரும்பாலும் வெளிச்சத்தால் வருகிறது. தாங்க முடியாத அளவு வெளிச்சம் விழும்போது இலையைக் காப்பாற்றிக்கொள்ளச் செடி பிடிக்கும் குடை அது. அதன் அவஸ்தையைத்தான் நாம் அழகு என்று உட்கார்ந்து ரசிக்கிறோம். சரி, அவஸ்தைப்படட்டும் என்று நானும் விளக்கைக் கூட்டினேன். செடிக்கு முன்னால் பாசி முந்திக்கொண்டது. முதலில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அப்புறம் பழைய இலைகளின் விளிம்பில் கருந்தாடி போல ஒரு பாசி. விரலால் தேய்த்தால் இலைதான் கிழிகிறது, தாடி அப்படியே இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு போதவில்லை என்றார்கள். அது வாஸ்தவம்தான். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அந்த வாயு பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு, விளக்கை மட்டும் ஏற்றினால் செடி எதை வைத்து வளரும்? எனவே சிலிண்டர் வந்தது, ரெகுலேட்டர் வந்தது, வாயுவைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் வந்தது, உட்கார்ந்து குமிழி எண்ணும் உத்தியோகமும் வந்தது. தண்ணீரில் அந்த வாயு 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) பக்கம் போக வேண்டுமாம். அதைக் காட்ட நிறம் மாறும் திரவத்தோடு ஒரு ட்ராப் செக்கர்: நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழ் சொல்வது எப்போதும் பழைய செய்தி, தண்ணீரில் நடந்ததைக் காட்ட அதற்கு ஒன்றிரண்டு மணி நேரமாகும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நீலமாகவே இருக்கிறதே என்று திருகைக் கொஞ்சம் திறந்தேன், இன்னும் கொஞ்சம் திறந்தேன். அது ஒருவழியாக மஞ்சளானபோது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வாயுவை அடைத்து, பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை ஓடவிட்டு, நள்ளிரவு வரை தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அத்தனையும் பிழைத்தன. அது மீன்களின் பெருந்தன்மை, என் சாமர்த்தியம் இல்லை.

இதுகூடப் போகட்டும். என் வயிறு எரிவது நைட்ரேட் விஷயத்தில். ரொட்டாலா ரொட்டுண்டிஃபோலியா சிவக்க வேண்டுமென்றால் நைட்ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். பச்சையத்துக்கு நைட்ரஜன் வேண்டும், அது குறைந்தால் பச்சை மங்கும், சிவப்பு மேலே வரும். நியாயமான பேச்சு. பட்டினி போட்டேன், ரொட்டாலா உண்மையிலேயே நிறம் மாற ஆரம்பித்தது. துள்ளிக் குதித்தேன். பத்தே நாளில் பக்கத்தில் இருந்த ஆல்டர்னான்திரா ரெய்னெக்கி குறுகிப்போய், கீழ் இலையெல்லாம் ஓட்டை விழுந்து நின்றது. நம் பொன்னாங்கண்ணியின் பேரினம்தான் அது, ஆனால் அந்தப் பணிவெல்லாம் கிடையாது. அதன் சிவப்பே வேறு சாதி நிறமி, ஆந்தோசயனின் இல்லை, பீட்டாசயனின். பட்டினி போட்டால் அது சிவப்பதில்லை, சாகிறது. இதற்குச் சோறு போட்டால் அது பச்சையாகிறது, அதற்குப் பட்டினி போட்டால் இது உதிர்கிறது. இரண்டையும் "சிவப்புத் தண்டுச் செடிகள்" என்று ஒரே தலைப்பின் கீழ் எழுதி, அருகருகே நடச் சொன்ன புண்ணியவான் எவர்? இந்த இரண்டுக்கும் நடுவில் ரொட்டாலா மக்ராண்ட்ராவையும் நட்டு வைத்திருக்கிறேன். அதற்குத் தண்ணீர் மென்மையாக இருக்க வேண்டுமாம். என் குழாய்த் தண்ணீரின் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) அளவைச் சொன்னால் அது வேரோடு பிடுங்கிக்கொண்டு தானே போய்விடும்.

வாங்கும்போது பார்த்த படங்களைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. சிவப்பு எல்இடியை ஏற்றிவிட்டு எடுத்தால் என் கட்டைவிரல்கூடச் சிவப்பாகத்தான் தெரியும். கைக்கு வருவதோ, பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்ந்த, வட்ட இலையும் பச்சை நிறமுமான ஒன்று. தண்ணீருக்குள் போனதும் அந்த இலைகள் கரைந்து கூழாகி, ஒல்லியாகப் புது இலை விட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் முக்கால்வாசிப் பேர் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்திருப்பார்கள். நானும் ஒரு கொத்தை அப்படி எறிந்தவன்தான்.

எல்லாவற்றையும் தாண்டிச் சிவந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சிவக்கும்? உச்சியில் இரண்டு அங்குலம். விளக்குக்குக் கிட்டே இருப்பது அதுதானே. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது, நிழலில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் தண்டுகள். உச்சி தண்ணீர்மட்டத்தை முட்டினால் வெட்டித்தான் ஆக வேண்டும். நான்கு மாதம் தவம் கிடந்து வரவழைத்த சிவப்பை நானே கத்தரிக்கோலால் நறுக்கி, மண்ணில் மறுபடி ஊன்றுகிறேன். ஊன்றிய மறுவாரம் அது மீண்டும் பச்சை.

போன மாதம் அப்படி வெட்டியதில் ஒரு துண்டு கைநழுவி ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொண்டது. கவனிக்கவில்லை. வேர் மண்ணில் இல்லை, மேலே மிதந்துகொண்டு, விளக்குக்கு நேர் கீழே கிடந்திருக்கிறது. நேற்று குழாயைக் கழுவ எடுத்தபோது பார்த்தேன். இரத்தச் சிவப்பு, ஒரு இலையில்கூடப் பாசி இல்லை. குழாயைக் கழுவாமல் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.