மாதக் கட்டணத்தை யார் கட்டுவது?

எங்கள் பள்ளி ஆய்வகச் சுவரில் ஒரு மோடம் இருக்கிறது. ஏழு மாதமாக அதில் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாமல் இருந்தது. போன திங்கட்கிழமை மறுபடி எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வடசென்னையில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். இரண்டு வருடம் முன்பு ஒரு நல்ல மனிதர் ஃபைபர் இணைப்பு வாங்கித் தந்தார். கேபிள் இழுத்து, பெட்டி மாட்டி, ஓராண்டுக் கட்டணத்தையும் சேர்த்தே கட்டினார். பதின்மூன்றாவது மாதம் பில் எங்களுக்கு வந்தது. ஜிஎஸ்டி சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமை ஆசிரியை சில மாதம் கைக்காசு போட்டுக் கட்டினார். அப்புறம் அவராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு என் போன்தான் பள்ளிக்கு இணையம். ஒன்பதாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் நடத்தும்போது, கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் பல்பு எரிவதைத் திரையில் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கரும்பலகையில் படம் போட்டால் ஒரு பீரியட் போகும், அப்போதும் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் ஹாட்ஸ்பாட் போடுவேன். வருகைப் பதிவும் அதே டேட்டாவில்தான். ஒரு நாளுக்கான ஒன்றரை ஜிபி பதினொன்றரை மணிக்கே தீர்ந்துவிடும். மதியம் பாடம் கேட்கும் பிரிவுக்கு வெறும் கரும்பலகைதான். ஒரே பாடம், ஒரே ஆசிரியை, காலையில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒன்று, மதியம் உட்கார்ந்த பிள்ளைக்கு வேறொன்று. இது எனக்குப் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் எங்கள் பள்ளியிலிருந்து கடல் நடந்து போகிற தூரம். 2002இல் சிங்கப்பூரிலிருந்து இணையத்தைச் சுமந்து ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது சென்னைக் கரையில்தான். 2005இல் செயல்பாட்டுக்கு வந்த, பிரான்ஸ் வரை நீளும் சீ-மீ-வீ 4 கேபிளும் இங்கே கரையேறுகிறது. 2020இல் இங்கிருந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். நாட்டுக்குள் இணையம் நுழையும் பெரிய வாசல்களில் மும்பை ஒன்று, சென்னை ஒன்று. அந்த வாசலிலேயே குடியிருக்கும் பிள்ளைகள் ஆசிரியையின் ரீசார்ஜை நம்பிப் படிக்கிறார்கள்.

பள்ளிகளுக்கு இணையம் என்ற பேச்சு வந்தாலே எத்தனை பள்ளிக்கு இணைப்பு கொடுத்தாயிற்று என்ற கணக்குதான் முதலில் வருகிறது. இந்தியாவில் 2021-22இல் 33.9 சதவீதப் பள்ளிகளில் இணையம் இருந்தது, 2023-24இல் அது 53.9 சதவீதம் ஆனது என்று, பள்ளிகளைப் பற்றி மத்திய அரசு ஆண்டுதோறும் திரட்டும் யுடைஸ் பிளஸ் அறிக்கைகள் சொல்கின்றன. நல்ல முன்னேற்றம், மனதார மகிழ்கிறேன். உலக அளவிலும் ஒவ்வொரு பள்ளியையும் இணைக்க வேண்டும் என்று யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ‘கிகா’ என்ற திட்டத்தைத் தொடங்கின. ஆனால் கொடுத்த இணைப்பு பதின்மூன்றாவது மாதமும் உயிரோடு இருக்கிறதா என்பதை எந்தச் சதவீதமும் சொல்வதில்லை. கேபிள் இழுப்பது ஒருநாள் செலவு, அதற்கு விழா எடுக்கலாம். மாத பில்லுக்கு யார் விழா எடுப்பார்கள்?

அரசுப் பள்ளிகளுக்கு வரும் தொகுப்பு மானியம் இருக்கிறதே என்று கேட்கலாம். 250க்கு மேல் 1,000 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் என்பது விதி. சாக்பீஸ், துடைப்பம், ஃபினாயில், மின் கட்டணம், ஒழுகும் குழாய், உடைந்த ஜன்னல் எல்லாம் அதற்குள். கழிப்பறைக்கா இணையத்துக்கா என்று வந்தால் நானும் கழிப்பறைக்குத்தான் கை தூக்குவேன். ஒரு தலைமை ஆசிரியையை அப்படித் தேர்வு செய்ய வைப்பதே தப்பு என்கிறேன்.

ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகப் போய் சில்லறை விலையில் இணையம் வாங்குவதும் எனக்குப் புரியவில்லை. கோயம்பேட்டில் மூட்டையாக எடுப்பவருக்கு ஒரு விலை, தெருமுனைக் கடையில் கால் கிலோ வாங்குபவருக்கு ஒரு விலை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேர்ந்து நிற்கும் இந்த வழியை நம் பெரிய கல்வி நிறுவனங்கள் எப்போதோ பிடித்துவிட்டன. 1986இல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான எர்நெட் என்ற கணினி வலையமைப்பு தொடங்கியபோது ஐஐடி மெட்ராஸ் உட்பட ஐந்து ஐஐடிகள், பெங்களூரு ஐஐஎஸ்சி, பம்பாயின் என்சிஎஸ்டி என்ற மென்பொருள் ஆராய்ச்சி நிலையம், மத்திய மின்னணுத் துறை எல்லாம் சேர்ந்து ஒரே வலையமைப்பாக நின்றன. ஐநா வளர்ச்சித் திட்டம் உதவியது. பொதுமக்களுக்கு இணையச் சேவை வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இவர்கள் சேர்ந்துவிட்டார்கள். கென்யாவிலும் அப்படித்தான். 2009இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு சீகாம் கேபிள் வரும்வரை அங்கே பல்கலைக்கழகங்கள் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன, விலையோ யானை விலை. அந்த நாட்களிலேயே கெநெட் என்ற பெயரில் ஒன்று சேர்ந்து, எல்லோருக்குமாக மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஐஐடிக்குச் சரியான வழி, நைரோபிக்குச் சரியான வழி, தண்டையார்பேட்டைப் பள்ளிக்கும் அரியலூர் கலைக் கல்லூரிக்கும் ஏன் சரிப்படாது?

சேர்ந்து வாங்கினால் இன்னொன்றும் கிடைக்கும். நாற்பது பிள்ளைகள் ஒரே வீடியோவைத் தனித்தனியாகத் திறந்தால் அது நாற்பது தடவை வெளியிலிருந்து இறங்குகிறது, வேகம் செத்துப்போகிறது. பள்ளியிலேயே ஒரு சின்ன சர்வர் இருந்தால் ஒரு தடவை இறக்கி வைத்து நாற்பது பேருக்கும் உள்ளிருந்தே கொடுக்கலாம். விக்கிப்பீடியா முழுவதையும் அப்படி வைத்துக்கொள்ள கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பத்துப் பள்ளி சேர்ந்தால் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

சரி, பணம்? பணம் இருக்கிறது, அதுவும் நம் பணம். தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டப்பட்ட வருவாயில், அதாவது சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில், 5 சதவீதத்தை எல்லோருக்கும் சேவை போய்ச் சேரவென்று அரசுக்குச் செலுத்துகின்றன. நான் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதன் பங்கு இருக்கிறது. அந்தப் பணம் போய்ச் சேரும் நிதிக்கு முன்பு யுஎஸ்ஓ நிதி என்று பெயர், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. கிராமங்களுக்கும் தொலைதூர இடங்களுக்கும் என்று இருந்த அதன் நோக்கத்தில், 2023 தொலைத்தொடர்புச் சட்டம் சேவை குறைந்த நகர்ப்புறங்களையும் சேர்த்திருக்கிறது. எங்கள் தெரு மாதிரி இடங்கள் அதில் வரும் என்றுதான் நான் வாசிக்கிறேன். பள்ளி, கல்லூரிகளின் மாதக் கட்டணத்தை அந்த நிதியிலிருந்து நேரடியாகக் கட்டட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பிள்ளைகள் இணையத்தில் கெட்டுப்போவார்கள் என்று பயப்படும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு பத்து மணிக்கு மேல் கையில் கிடைத்தால் யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்ப்பார்கள். பள்ளியில் பகலில், நான் பக்கத்தில் நிற்கும்போது பார்ப்பது எவ்வளவோ மேல். விடுதியில் போன் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. உரிமை என்றால் பள்ளி வாசலில் அது நின்றுவிடக் கூடாது.

எங்கள் விளக்கு மறுபடி எரிந்தது முன்னாள் மாணவர்களால். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ஒரு நர்ஸ் என்று பதினோரு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மார்ச் வரைக்கும் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் பில் பத்தாம் தேதி வாக்கில் வரும்.