லீவில் ஒரு வேலையை முழுசாக ஒப்படைத்துப் பாருங்கள்

ஏப்ரல் கடைசி ஆனால் போதும், காலையில் பேப்பரைப் பிரித்தால் சம்மர் கேம்ப் நோட்டீஸ்கள் கொட்டுகின்றன. அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, கராத்தே, கையெழுத்துப் பயிற்சி. நம்ம சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் செஸ் வகுப்புக்கும் மவுசு கூடிவிட்டது. செஸ் நல்ல விஷயம்தான். பிள்ளைக்கு ஆசை இருந்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கேம்ப்பில் விடுகிறார்கள், அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. ஒன்பதுக்கு அபாகஸ், பதினொன்றுக்கு ஹிந்தி, நாலு மணிக்கு கீபோர்டு என்று இன்னொரு டைம் டேபிள் போட்டுக் கொடுத்தால் அது எப்படி விடுமுறை ஆகும்? வருஷம் முழுக்க யாரோ போட்ட திட்டத்தில் ஓடிய பிள்ளை, மே மாசத்திலும் யாரோ போட்ட திட்டத்தில்தான் ஓடுகிறது. ஒரு காரியத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தானே யோசித்து, தானே செய்து பார்க்க அதற்கு வாய்ப்பே வருவதில்லை. அந்த வாய்ப்பைக் கொடுக்கத்தான் லீவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எட்டாவது போகப்போகிற என் மகளிடம் இந்த லீவில் ஒன்று சொன்னேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வீட்டில் எல்லோரும் போகிறோம், ஏற்பாடு முழுக்க உன்னுடையது, இந்தா ஐந்நூறு ரூபாய். முதலில் வெள்ளிக்கிழமை என்றாள். அப்புறம் அவளே தேடிப் பார்த்து, வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்று தெரிந்ததும் சனிக்கிழமைக்கு மாற்றினாள். தாத்தாவுக்கு முழங்கால் வலி, பல்லாவரம் ஸ்டேஷனில் படி ஏற முடியுமா என்று அவரிடமே போய்க் கேட்டாள். “மெதுவா ஏறிடுவேன் கண்ணு” என்றார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும், சாப்பாடு புளிசாதம், வெளியே வாங்கினால் காசு போதாது. இதெல்லாம் அவள் போட்ட கணக்கு.

கூடப் போகிற பெரியவர்களுக்கு இதில் ஒரே ஒரு வேலைதான், வாயைத் திறக்காமல் இருப்பது. அதுதான் கஷ்டம். எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு எந்தப் பக்கம் வெளியே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றாள். எனக்கு வழி தெரியும், சொல்லவில்லை. நேராக டிக்கெட் கவுன்டருக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே போனதும் தாத்தா வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றவர்தான், நகரவே இல்லை. தம்பிக்கோ திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க அவசரம். தாத்தாவோடு அப்பாவை நிறுத்திவிட்டு, தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம், அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் என்று நான் முன்பே சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டாள். தான் அழைத்து வந்த இடம் என்பதால் ஒவ்வொரு பலகையையும் நின்று வாசித்து எங்களுக்குச் சொன்னாள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. கத்திரி வெயிலை இதைவிட நன்றாக எதற்குப் பயன்படுத்த முடியும்? கூழ் வடாம் போடும் வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். முதல் நாளே பழைய வேட்டியைத் துவைத்து வைப்பது, கூழ் கிண்டும்போது பக்கத்தில் நின்று உப்பும் காரமும் பார்ப்பது, காலையில் வெயிலுக்கு முன்னால் ஊற்றி முடிப்பது, காக்காய்க்குக் கறுப்புக் குடையைக் கட்டி வைப்பது. காய்ந்த பிறகு வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால்தான் வடாம் உடையாமல் உரிந்து வரும் என்று பாட்டி சொல்லித் தரும்போது அதில் அறிவியலும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, செலவே இல்லாதது. வானிலை ஆய்வு மையம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டு இடத்து வெப்பநிலையையும் தினமும் வெளியிடுகிறது. ஒரு நோட்டில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே அன்றைக்குக் கடல்காற்று எத்தனை மணிக்கு வீசியது என்பதையும் எழுதட்டும். காற்று தாமதமாக வந்த நாளில் வெயில் ஏன் அப்படிக் கொளுத்தியது, கடலுக்குத் தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்தில் ஏன் பெரும்பாலும் சூடு அதிகம் என்று அவர்களே வந்து கேட்பார்கள்.

நூலகம் பற்றி நீட்ட விரும்பவில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய பிரிவு இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அதற்காக உங்கள் பேட்டையில் இருக்கும் கிளை நூலகத்தை விட்டுவிடாதீர்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், அது நம் காசில் நடக்கிற இடம். உறுப்பினர் படிவத்தைப் பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பிடுங்கி வைத்தால் மட்டும் நடக்காது. கையில் வேறு வேலை இருந்தால் தானாகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். “போரடிக்குது” என்று வந்து நின்றால் உடனே எதையாவது எடுத்து நீட்டாதீர்கள். கொஞ்ச நேரம் போரடிக்கட்டும். தாயக்கட்டையோ பழைய அட்டைப்பெட்டியோ எதையாவது அவர்களே தேடி எடுப்பார்கள்.

ஆனால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தொங்கும் “இங்கே விளையாடக் கூடாது” பலகை. தெருவில் வண்டிகள், மைதானம் தூரம், கார் நிறுத்துமிடத்தில் பந்தை எடுத்தால் திட்டு. பிள்ளைகள் வீட்டுக்குள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதே பெரியவர்கள்தான் வருத்தப்படுகிறார்கள். காருக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு ஒதுக்கத் தெரியாதா?

எங்கள் குடியிருப்பில் இதையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்துக்கு மனு தயார். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, பின்பக்கம் மட்டும், ரப்பர் பந்து மட்டும், ஏதாவது உடைந்தால் எல்லோரும் காசு சேர்த்துக் கொடுப்போம் என்று நிபந்தனைகளையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் வாசிக்கப் போவதும் அவர்கள்தான்.