அவர்கள் எல்லாரும் கனடா ராணுவத்தினர் அல்ல

நண்பரே, "இரண்டாம் உலகப்போரில் ஸ்காட்லாந்துக் காடுகளில் மரம் வெட்டியவர்கள் எல்லாரும் கனடா ராணுவத்தினர்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. கனடா வனப்படையின் 30 கம்பெனிகள், அதாவது ராணுவப் பிரிவுகள், அங்கே இருந்தன, அவர்கள் சிப்பாய்கள்தான். ஆனால் அவர்களுக்கு முன்பே, 1939 டிசம்பரிலேயே, நியூஃபவுண்ட்லாந்து மரவெட்டிகள் வந்து இறங்கிவிட்டார்கள். போர் முடிவதற்குள் வந்தவர்கள் 3,000 பேருக்கும் மேல். அவர்கள் சீருடை அணியாத, ஒப்பந்தக் கூலிக்கு வந்த தொழிலாளர்கள். நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்ததே 1949இல்தான். சிப்பாய்கள் இல்லை என்பதாலேயே, முன்னாள் ராணுவத்தினருக்குக் கிடைத்த சலுகைகளுக்காக இவர்கள் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தத் தவறைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், நீங்கள் சொல்லாமலே விட்டவர்கள் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ்காரர்கள். மத்திய அமெரிக்காவில் உள்ள இன்றைய பெலீஸ்தான் அது. 1941இலும் 1942இலுமாகச் சுமார் 900 பேர் வந்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். கொதிக்கும் வெயிலில் மஹோகனி மரம் வெட்டிப் பழகியவர்களை, காற்றும் மழையும் உள்ளே புகும் மரக்குடிசைகளில் தங்கவைத்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை இடிந்து விழாமல் தாங்குகிற முட்டு மரங்கள் அவர்கள் கைப்பட வெட்டியவை. ஸ்காண்டிநேவிய மரவரத்து நின்றுபோன பிறகு பிரிட்டனுக்கு வேறு வழியும் இல்லை. உள்ளூர்ப் பெண்களோடு அவர்கள் பழகுவதைக் கண்டித்து, ஸ்காட்லாந்தின் பெரிய நிலவுடைமையாளரான பக்லூ பிரபு பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அமைச்சகத்துக்கே கடிதம் எழுதினார். 1943 இறுதியில் இந்த ஹோண்டுராஸ்காரர்களின் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். பலர் ஊர் திரும்பினார்கள், சிலர் பிரிட்டனிலேயே தங்கிவிட்டார்கள். உங்கள் பதிவில் இவர்களையும் சேர்த்துவிடுங்கள்.