1972 என்று ஒரு வருஷம் இருந்தது

நேற்று ராத்திரி தடயவியல் பயிற்சி பற்றி நடந்த விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூக்கம் வராமல் எழுந்து வந்து எழுதுகிறேன். தடயவியல் பயிற்சி என்பதே இந்த நாட்டில் 2020-க்குப் பிறகு வந்ததுதான் என்று அந்தப் பெரிய மனிதர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

1972 ஜனவரி 4. குற்றவியலும் தடயவியலும் சொல்லித்தர உள்துறை அமைச்சகம் டெல்லியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய நாள். பின்னால் அது தேசிய நிறுவனமாகி, லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் நாராயண் பெயரைத் தாங்கியது. அதே 1972 ஏப்ரலில்தான் ஜெ.பி.யை நம்பிச் சம்பல் கொள்ளையர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். பொருத்தமான பெயர். 2020-ல் குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசியத் தடயவியல் பல்கலைக்கழகம் வந்தபோது, டெல்லி ரோகிணியில் ஏற்கெனவே இருந்த இந்த நிறுவனத்தை அதில் சேர்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. 1972, ஐயா, 1972!

நான் ஏ.பி.பி.யாக, அதாவது உதவி அரசு வழக்கறிஞராக, இருந்தபோது அங்கே ஒரு வாரப் பயிற்சிக்குப் போனேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஜெயிலர், அந்தப் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட், முன்வரிசையில் டி.எஸ்.பி.க்கள். இவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்த இடம் வேறு எது? ரத்தக்கறை பட்ட இரண்டு துணிகளை மேசைமேல் வைத்தார் ஆசிரியர். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தது அப்படியே இருந்தது. ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டதைப் பிரித்ததும் நாற்றம், துணி முழுக்கப் பூஞ்சை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் நடத்திய ஒரு கொலை வழக்கில் சட்டை இப்படித்தான் பாலித்தீன் பையில் வந்தது. ரத்தப் பிரிவு கண்டறிய இயலவில்லை என்று ரிப்போர்ட். விடுதலை. செத்தவனின் அம்மா கோர்ட் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இப்படி ஆயிடுச்சு" என்றார்.

குஜராத்தை மட்டம் தட்டுகிறேன் என்பீர்கள். இல்லை, அவர்கள் நன்றாகச் செய்தார்கள், சரி. ஆனால், "இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்து என்ன கிழித்தார்கள்?" என்று கேட்பீர்களே, அதுதான் வலிக்கிறது. அந்த வகுப்பில் உட்கார்ந்த எங்களைக் கேளுங்கள். 1849-லேயே மெட்ராஸில், விஷச் சாவுகளைச் சோதிக்கும் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் இருந்தது. அது கூடத் தெரியாதவர்கள் எங்கள் பயிற்சிக்கு மார்க் போடுகிறார்கள்.

ஸ்பாட்டுக்கு முதலில் போகிற ஏட்டையா ரோகிணிக்குப் போனவர் இல்லை. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்குப் போக வேண்டும் என்கிறது. நல்லது. அவர் வந்து சேரும்வரை அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அதே ஏட்டையாதான். அவர் கையில் காகித உறை இருக்குமா, பாலித்தீன் பை இருக்குமா? ஒரு மணி நேர விவாதத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.