ஃபுல்லர்ட்டனில் நம் ஆட்களின் கதை எங்கே?

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஃபுல்லர்ட்டன் கட்டடத்தை ஹோட்டல் ஆக்கியிருக்கக் கூடாது என்று நண்பர்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கொஞ்ச தூரத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போய்ப் பாருங்கள். செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு அது. 1970களின் பிற்பகுதியில் மறுசீரமைப்புக்காக நிலம் எடுத்தார்கள், கிட்டங்கிகள் போயின. பேரப்பிள்ளையை அழைத்துப் போய்க் காட்ட இன்று அங்கே ஒரு தூண்கூட இல்லை. கட்டடத்துக்கு அடுத்த வேலை கிடைக்காவிட்டால் இதுதான் கதி.

ஃபுல்லர்ட்டனுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வேலை கிடைத்தது. கோட்டை இருந்த இடத்தில் எழுப்பி 1928ல் திறந்தார்கள். கீழே தலைமைத் தபால் நிலையம், மேலே துரைமார்களின் சிங்கப்பூர் கிளப். 1942 பிப்ரவரியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ஆளுநர் ஷென்டன் தாமஸ் இங்கேதான் வந்து தங்கினார். காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாகவும் இருந்தது. பிறகு ஜப்பானியர், அப்புறம் அரசாங்க அலுவலகங்கள், வருமான வரி. 1996ல் தபால் நிலையம் காலி செய்தது, 2001ல் ஹோட்டல் வந்தது, 2015ல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. சரி, கட்டடம் பிழைத்தது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

என் ஆதங்கம் வேறு. இந்தக் கட்டடத்தைப் பற்றி யார் பேசினாலும் ஆளுநரும் கிளப்பும் முதலில் வந்துவிடுகிறார்கள். அறுபது வருடங்களுக்கு மேல் இதற்குள் நாள் தவறாமல் வந்து போன சாதாரண ஜனங்கள் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்தின் பெருமையே அந்தத் தபால் நிலையம்தான்.

தீவின் தூரத்தையெல்லாம் இங்கிருந்துதான் அளந்தார்கள். ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்று மைல்கல்லை வைத்து நம் தாத்தாக்கள் இடம் சொன்னார்களே, அந்தக் கட்டைக் கணக்குத் தொடங்கியது இந்த வாசலில். கப்பலுக்குப் போகிற தபால் மூட்டைகளை எடுத்துச் செல்லச் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையே இருந்தது. ஊருக்குப் போன எத்தனை கடுதாசிகள் அதன் வழியாகக் கடலைத் தொட்டிருக்கும்!

சின்ன வயதில் அப்பாவோடு இங்கே வந்திருக்கிறேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத வரும். எங்கள் மணியார்டரைக் கட்டி முடித்தாலும் உடனே கிளம்ப முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மணியார்டர் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்தார். வியர்வையில் மை கலைந்து, தாலுகா பெயர் மட்டும்தான் தெரிந்தது. அப்பா கேட்கக் கேட்க அவர் ஊர், தெரு, தகப்பனார் பெயர் எல்லாம் சொன்னார். "சரியா போயிருமாண்ணே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ரசீதை வாங்கி அதே காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். அந்தப் பணத்தில் ஊரில் எத்தனை கல்யாணம், எத்தனை ஓட்டு வீடு!

தபால்காரர்களை எப்படி மறப்பது? 1952 மே மாதம் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களின் சட்ட ஆலோசகர், பிறகு நாட்டின் முதல் பிரதமரான லீ குவான் யூ என்ற இளம் வழக்கறிஞர். இந்த நாட்டின் அரசியல் கதையில் அது முக்கியமான அத்தியாயம். பின்னாளில் ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் நடந்த மதிய நேரத் தேர்தல் கூட்டங்களும் அப்படித்தான்.

ஹோட்டலில் பழைய சிவப்புத் தபால் பெட்டியோடு கண்காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். அங்கே ஒரு மணியார்டர் ரசீதும், அதை அனுப்பியவரின் படமும், அவர் குடும்பம் சொல்லும் கதையும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மலாய், சீனக் குடும்பங்களின் கதைகளும் அவரவர் மொழியில் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலுள்ள கேவனா பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த நம் ஊழியத் தம்பிகள் இந்த வாசலைத் தாண்டுவதில்லை. அவர்களுக்கும் உள்ளே வர ஒரு காரணம் கிடைக்கும்.

இதை ஹோட்டல்காரர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பொருள் நம் வீடுகளில்தான் இருக்கிறது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ரசீது, ஊர்க் கடுதாசி, தபால்காரர் உடுப்பில் எடுத்த படம் ஏதாவது இருந்தால், வீடு மாறும்போது பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கூடவே எழுதுங்கள். சேர்ந்ததும் எல்லாவற்றையும் கோப்பாக்கி நானே ஹோட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்கிறேன்.