வன்னிப் புழுதியில் ஓட எந்த ஆர்சி பக்கி? வாங்க முதல் இதை வாசியுங்கள்

இந்த மாதம் மட்டும் மூன்று தம்பிமார் உள்பெட்டியில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணா, மண்ணில றேஸ் ஓட ஒரு ஃபோர் வீல் பக்கி எடுக்கப் போறன், எது நல்லது?" அவர்கள் கேட்பது ஆர்சி பக்கி, அதாவது றிமோட்டில் ஓடும் சின்ன றேஸ் வண்டி. கூடவே ஒரு வீடியோ, அதில் வண்டி மணிக்கு 80 கிலோமீற்றரில் பறக்கிறது.

வேகத்தை விடுங்கள். உங்களோடு சேர்ந்து ஓடப்போகிறவர்கள் என்ன வண்டி வைத்திருக்கிறார்களோ அதே வண்டியை வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் காரணம் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

என் முதல் வண்டி லண்டனில் இருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த பழைய பெல்ட் வண்டி, அதாவது மோட்டரின் இழுவையைப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டால் சக்கரங்களுக்குக் கடத்தும் வண்டி. அழகான வண்டி, சத்தமே இல்லாமல் ஓடும். பரந்தனில் மாமாவின் மேட்டுக்காணியில் இரண்டாவது நாள் ஓடவிட்டபோது ஒரு கிரவல் கல், மிளகு அளவுதான் இருக்கும், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போய்விட்டது. பெல்ட்டின் பல் முழுக்க உரிந்துவிட்டது. அந்த ஒரு பெல்ட்டுக்காக நான்கு மாதம் காத்திருந்தேன், சோளகக் காற்றடிக்கும் காலம் முழுக்க அப்படியே போனது, மழை தொடங்கிய பிறகுதான் பெல்ட் கைக்கு வந்தது. பெல்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1987இல் இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா வென்றதே ஷூமாக்கர் கேட் என்ற பெல்ட் வண்டியில்தான். ஆனால் அங்கே உடைந்தால் அடுத்த நாள் சாமான் கைக்கு வரும். எங்களுக்கு கனடாவில் இருந்து யாராவது கோயில் திருவிழாவுக்கு வந்தால்தான் வரும்.

அதனால்தான் சொல்கிறேன், நான்கு பேர் நான்கு விதமான வண்டி வைத்திருந்தால் ஒருவருக்குச் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் உடைந்த அன்றோடு அவரின் றேஸ் முடிந்தது. நான்கு பேரும் ஒரே வண்டி வைத்திருந்தால் ஒரு பெட்டியில் பொதுவாக முன் ஆர்ம் நான்கு, சாஃப்ட் (இழுவையைக் கடத்தும் சுழல் தண்டு) இரண்டு, டிஃப் கியர் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரங்கள்) ஒரு செட் என்று போட்டு வைத்தால் போதும். எங்கள் ஊரில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) வாங்கும்போது சாமான் கிடைக்குமா என்றுதானே முதலில் கேட்கிறோம்? இதற்கும் அதையே கேளுங்கள்.

சரி, எந்த வகை? உதிரி மண்ணில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி வளைவில் சுழன்று போய்விடும், புதிதாக ஓடுகிறவருக்கு வெறுத்துவிடும், அதனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் சரி. நடுவில் சாஃப்ட், முன்னும் பின்னும் மூடிய பெட்டிக்குள் கியர் டிஃப். புழுதி உள்ளே போகும் வழி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் டமியா டிடி-02பி (TT-02B), தொட்டி மாதிரிச் சேஸி, சாஃப்ட் வண்டி, பழகுவதற்கு இது போதும். பெட்டியில் அச்சுகளுக்குப் புஷ் (குண்டு இல்லாத வெறும் வளையம்) வந்திருந்தால் கட்டும்போதே பெயரிங் போட்டுவிடுங்கள், எங்கள் மண்ணில் புஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும். கொஞ்சம் காசு இருக்கிறது, உண்மையாகவே போட்டிக்குத்தான் என்றால் அசோசியேட்டட் பி74, எக்ஸ்ரே எக்ஸ்பி4 மாதிரி கிட், அதாவது நாங்களே பூட்டிக் கட்டும் வண்டி. ஆனால் கவனம், இந்தக் கிட் விலையைப் பார்த்துவிட்டு அவ்வளவுதான் செலவு என்று நினைக்காதீர்கள். மோட்டர், ஈஎஸ்சி (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), சேர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டர்), றிமோட், பற்றரி, சார்ஜர் எல்லாம் தனி, பல கிட்களில் ரயர் கூட வராது.

நிஜ வண்டியில் எட்டில் ஒன்று அளவான பெரிய வண்டி எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கரடுமுரடான நிலத்துக்கு அது நல்லதுதான், சக்கரம் பெரிது, பாய்ந்து விழுந்தாலும் தாங்கும். ஆனால் பற்றரி, ரயர், மோட்டர் எல்லாம் விலை கூட. நான் பத்தில் ஒன்றைத்தான் சொல்வேன். அந்த மிச்சக் காசில் ஒரு நாள் உழவு இயந்திரம் பிடித்து நிலத்தை மட்டமாக்கலாம், அது எல்லோருக்கும் பயன்படும்.

மோட்டர் விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். பிரஷ்லெஸ், முதல் வருடம் 13.5 டேர்ன் (கம்பிச் சுற்று; எண் குறையக் குறைய வேகம் கூடும்), 2எஸ் (இரண்டு செல்) பற்றரி, அதைவிட வேகமானது வேண்டாம். ஆவணி வெயிலில் மதியம் ஓடினால் மோட்டர் கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துவிடும். பினியனில் (மோட்டரில் பூட்டும் சின்னப் பற்சக்கரம்) ஒரு பல்லைக் குறையுங்கள், நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் குறையும், மோட்டர் தப்பும். நாங்கள் காலை 6 மணிக்கே தொடங்கிவிடுவோம், பனி ஈரத்தில் புழுதி அடங்கியிருக்கும், சோளகமும் எழும்பியிருக்காது, கிணற்றுத் தண்ணீரை மண்ணில் ஊற்றவும் தேவையில்லை. ரயரைப் பொறுத்தவரை உதிரி மண்ணுக்கு உயரமான முள் (pin) உள்ளது, ஓடி ஓடி இறுகிய தரைக்குக் கட்டை முள் உள்ளது.

லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி பற்றி ஒரு விஷயம். வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் சொல்லிவிடும்போது கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், சூட்கேஸில் போட விடமாட்டார்கள். 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-அவர்தான், விமானத்தில் 100 வரை பிரச்சினை இல்லை. ஓடாத நாட்களில் முழுச் சார்ஜில் வைக்காதீர்கள், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே வேண்டாம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். ஓடும் இடத்தை நீங்களாகத் தேடிப் போகாதீர்கள். முகமாலைப் பக்கம் எத்தனை வருடமாக மிதிவெடி அகற்றினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வண்டி சிக்னல் விட்டுப் பற்றைக்குள் போனால் பின்னால் ஓடிப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத்தான் இருக்கும். வருடா வருடம் உழுது விதைக்கிற காணி, பள்ளிக்கூட மைதானம், இந்த இரண்டைத் தவிர வேறு இடத்தில் ஓட நான் வரமாட்டேன். வண்டி பற்றைக்குள் போனால் அங்கேயே கிடக்கட்டும்.

காலபோக நெல் வெட்டி முடிந்ததும் மாமாவின் காணியில் பாதை போடப் போகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் வாங்க நினைக்கிற யாராக இருந்தாலும் காசு கட்ட முதல் கீழே ஒரு வரி எழுதுங்கள். இப்போது எங்களிடம் டிடி-02பி மூன்று இருக்கிறது, நாலாவதும் அதுவாக இருந்தால் உங்களுக்கான முன் ஆர்ம் ஏற்கனவே என் பெட்டியில் கிடக்கிறது.