உள்ளங்கையில் 99: குர்ஆனில் அப்படி இல்லை

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: இடது உள்ளங்கை ரேகையில் அரபி எண் 81, வலதில் 18 தெரிகிறது, கூட்டினால் அல்லாஹ்வின் 99 திருநாமங்கள், இது குர்ஆனிலேயே உள்ளது என்கிறது.

குர்ஆனில் அப்படி ஒரு வசனம் இல்லை. 99 திருநாமங்கள் பற்றிய ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உண்டு. அதில் கைரேகைப் பேச்சே கிடையாது. ரேகை என்பது கருவிலேயே கை மடங்கும் இடத்தில் விழும் மடிப்பு. ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் குறுக்கே ஒரே ரேகைதான் ஓடும். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் கையில் ரப்பின் (இறைவனின்) அத்தாட்சி இல்லை என்றா சொல்வது? மனசு பதறுகிறது.

உடலில் அத்தாட்சி தேடுவோருக்கு குர்ஆனின் 51:21 (51-ஆம் அத்தியாயம், 21-ஆம் வசனம்) இருக்கிறது. விரல் நுனிகளைச் சொல்லும் 75:4 இருக்கிறது. தமிழ் தர்ஜுமாவை (மொழிபெயர்ப்பை) புரட்டிப் பாருங்கள், மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.